சென்சாரைக் கழற்றினால் வண்டி நன்றாக ஓடுகிறது: அப்படியானால் சென்சார்தான் பழுதா?

கோவையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2013 மாடல் செடான், 1582 சிசி டர்போ டீசல், 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. ஐந்து மாதமாக வண்டியில் இழுவை இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0101 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது, எப்போதாவது கூடவே பி0299 (டர்போவின் அழுத்தம் போதவில்லை). முதல் ஒர்க்‌ஷாப்பில் என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைத் துடைத்து, ஈசியு (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீசெட் செய்து 3,500 ரூபாய் வாங்கினார்கள். நான்கு நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. இரண்டாவது இடத்தில் "டர்போ ஷாஃப்ட் ஆடுகிறது, ரீபில்ட் செய்ய 46,000 ஆகும்" என்றார்கள். அவரே ஆன்லைனில் 2,200 ரூபாய்க்குப் புது சென்சார் வாங்கி மாட்டியும் மாற்றம் இல்லை. ஆனால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி பாய்கிறது, கரும்புகையும் இல்லை. "அப்படியானால் இரண்டு சென்சாருமே பழுது என்றுதானே பொருள்? ஒரிஜினல் சென்சார் 14,000 சொல்கிறார்கள், வாங்கிவிடலாமா? முதல் ஒர்க்‌ஷாப் மேல் வழக்குப் போட முடியுமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், எட்டு மாதத்துக்கு முன் எண்ணெய் தடவிய கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) கிட் ஒன்று மாட்டியதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

14,000 ரூபாயை இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். 46,000-ஐ நினைத்தும் பார்க்க வேண்டாம். ஓபிடி டாங்கிளில் (வண்டியில் செருகினால் போனில் எண்களைக் காட்டும் சிறு கருவி) எடுத்த அளவுகளைக் கடிதத்தோடு அனுப்பியது நல்ல காரியம். அந்த நான்கைந்து எண்களில் பாதி விடை இருக்கிறது.

முதலில் பி0101. இந்தக் கோடைப் பார்த்ததும் "சென்சார் போச்சு" என்று சொல்வது பரவலான பழக்கம். சென்சாரின் வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ வருவது பி0102, பி0103 ஆகிய கோடுகள். பி0101 வேறு ரகம். "சென்சார் சொல்லும் காற்றின் அளவும், மற்ற சென்சார்களை வைத்து நான் எதிர்பார்க்கும் அளவும் ஒத்துப்போகவில்லை" என்கிறது ஈசியு. தப்பு சென்சாரிலும் இருக்கலாம், காற்று வரும் வழியிலும் இருக்கலாம். காற்று உண்மையிலேயே குறைவாக வந்து, சென்சார் அதை நேர்மையாகச் சொன்னாலும் இதே கோடுதான் வரும்.

யூடியூபில் ஃபியூயல் டிரிம் பார்க்கச் சொன்னார்கள், உங்கள் ஆப்பில் அது வரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வராததில் வியப்பில்லை, அது பெட்ரோல் வண்டிக்கான சோதனை. பெட்ரோல் என்ஜின் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சும். டீசலில் உங்கள் கால்மிதிதான் எரிபொருளைக் கேட்கிறது. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அங்கே இரண்டு வேலை. இஜிஆர் வால்வு வழியாக எவ்வளவு புகையைத் திருப்பி உள்ளே விடலாம் என்று கணக்குச் சொல்வது ஒன்று. "இவ்வளவு காற்றுதான் இருக்கிறது, இதற்கு மேல் டீசல் விட்டால் கரும்புகை வரும்" என்று உச்ச வரம்பு போடுவது இன்னொன்று. உங்கள் வண்டியில் இழுவையைப் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டாவது வேலை.

உங்கள் எண்கள் சொல்வது

மூன்றாம் கியரில், முழு மிதியில், 2500 ஆர்பிஎம்மில் நீங்கள் குறித்தவை: காற்று வினாடிக்கு 44 கிராம், இன்டேக் பிரஷர் 168 கிலோபாஸ்கல், வெளிக்காற்றின் அழுத்தம் 96.

நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராம் கணக்கை 30,000-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால், ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று மில்லிகிராமில் கிடைக்கும். உங்களுக்கு 528. இப்போது அதே காற்றை இன்னொரு வழியில் கணக்கிடுவோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 395 சிசி. 168 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், டர்போ அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 முதல் 60 டிகிரி சூட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு, சிலிண்டர் 90 சதவீதம் நிரம்பும் என்று கொண்டால் 625 முதல் 645 மில்லிகிராம் வர வேண்டும். (உங்கள் ஆப் காட்டும் 36 டிகிரியை இதில் போடாதீர்கள். அது ஏர்ஃப்ளோ சென்சாருக்குள்ளேயே இருக்கும் வெப்பமானியின் அளவாக இருக்கலாம். டர்போ அழுத்திய பிறகு காற்று அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.)

ஆக, சிலிண்டருக்குள் போவது 630 சொச்சம், சென்சார் பார்ப்பது 528. ஆறில் ஒரு பங்கு காற்று கணக்கில் வரவில்லை.

இந்த இடைவெளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். டர்போவுக்குப் பிறகு, இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருந்தால், சென்சார் பார்த்த காற்றில் ஒரு பகுதி வழியில் வெளியேறிவிடும். சென்சார் அதிகம் காட்டும், சிலிண்டருக்குக் குறைவாகப் போகும், ஈசியு ஏமாந்து டீசலைக் கூட்டிக் கரும்புகை தள்ளும். உங்கள் கதை அதற்கு நேர் எதிர். சென்சார் குறைவாகக் காட்டுகிறது, புகையும் இல்லை. அதனால் இன்டர்கூலர் ஹோஸ்களை முதல் சந்தேகத்தில் வைக்க மாட்டேன்.

மிச்சம் மூன்று சந்தேகங்கள்: சென்சாரே குறைவாக அளக்கிறது; சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஓர் ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று நுழைகிறது; இஜிஆர் வால்வு முழுதாக மூடாமல், சிலிண்டரில் நல்ல காற்று இருக்க வேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொண்டிருக்கிறது.

கனெக்டரைக் கழற்றியபோது நடந்தது

கழற்றினால் நன்றாக ஓடுகிறது என்பதால் சென்சார் பழுது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மெக்கானிக்குகள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். கழற்றியதும் ஈசியு தன்னிடம் உள்ள ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் இஜிஆரையும் மூடிவிடுகிறது. பழைய வரம்பு விலகியதும் டீசல் கூடுகிறது, இழுவை வருகிறது. மேலே சொன்ன மூன்று காரணங்களில் எது இருந்தாலும் இது நடக்கும்.

அவற்றைப் பிரித்துக் காட்டும் தடயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கரும்புகை இல்லை. இஜிஆர் கசிந்து நல்ல காற்று உண்மையிலேயே குறைந்திருந்தால், வரம்பு விலகியதும் டீசல் கூடிக் கரும்புகை தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை என்றால் எரிக்கப் போதுமான காற்று உள்ளே இருக்கிறது, சென்சாரின் கண்ணில்தான் அது படவில்லை. இஜிஆர் மேல் உள்ள சந்தேகம் இதனால் பாதி குறைகிறது. முழுதாகப் போகவில்லை, ஏனென்றால் பட்டப்பகலில் டிரைவர் சீட்டில் இருந்துகொண்டு புகையைச் சரியாகக் கவனிக்க முடியாது.

இன்னொரு தடயம்: பழைய சென்சாரும் 2,200 ரூபாய் சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டுகின்றன. விலை மலிந்த சென்சார்களின் அளவுக்கோடு (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு சிக்னல் என்ற கணக்கு) தாறுமாறாக இருக்கும், உண்மைதான். ஆனாலும் இரண்டு வெவ்வேறு சென்சார்கள் ஒரே அளவுக்குப் பொய் சொல்வது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும். பொதுவானது குழாய், ஹோஸ், வயரிங், அப்புறம் அந்தக் கோன் ஃபில்டர்.

கோன் ஃபில்டர் மேல் ஏன் கண்

மாட்டி எட்டு மாதம், தொல்லை தொடங்கி ஐந்து மாதம். சென்சாருக்குள் இருப்பது மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட ஒரு மெல்லிய படலம். காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்துத்தான் காற்றின் எடை தெரிகிறது. ஃபில்டரிலிருந்து கிளம்பும் எண்ணெய்த் துளிகள் அதில் படிந்து, அவற்றின் மேல் புழுதி ஒட்டினால், படலம் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். காற்று குளிர்விப்பது குறையும், அளவும் குறையும். புது சென்சாருக்கும் அதே ஃபில்டரிலிருந்து அதே எண்ணெய்தான் போயிருக்கிறது.

அடுத்தது காற்றோட்டம். கம்பெனி ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி), அதன் குழாயின் விட்டம், சென்சாருக்கு முன்னால் உள்ள வலை எல்லாம் சேர்ந்துதான் சென்சாரின் அளவுக்கோடு தீர்மானிக்கப்படுகிறது. கோன் ஃபில்டர் சென்சாருக்கு மிக அருகில் வந்தால் காற்று சுழன்றுகொண்டு நுழையும். அப்போது சென்சார் கூடுதலாகவும் காட்டலாம், குறைவாகவும் காட்டலாம்.

கிட்டோடு வரும் ரப்பர் ஹோஸும் கிளாம்பும்தான் எனக்கு மிகவும் கவலை தருபவை. டர்போவின் வாய்ப்பக்கம் அவை நழுவியிருந்தால் அளக்கப்படாத காற்று மட்டுமல்ல, வடிகட்டாத புழுதியும் நேராக உள்ளே போகும். நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றும் கம்ப்ரெஸர் சக்கரத்தின் விளிம்பை மணல் அரித்துவிடும். இன்றைக்குப் பொய்யாகச் சொல்லப்பட்ட டர்போ செலவு ஆறு மாதத்தில் மெய்யாகிவிடும். அதனால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்த வரிசையில் சோதிப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே மூன்றாம் கியரில், 1500-லிருந்து 3500 வரை முழு மிதி கொடுத்து எண்களைக் குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். மலிவான டாங்கிள் மெதுவாகத்தான் படிக்கும். ஆர்பிஎம், காற்று, பிரஷர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

முதலில் கம்பெனி ஏர்பாக்ஸையும் புதுக் காகித ஃபில்டரையும் மாட்டுங்கள். ஏர்பாக்ஸைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து எல்லாக் கிளிப்புகளும் பூட்டட்டும். பழைய ஒரிஜினல் சென்சாரையே சுத்தம் செய்து மாட்டுங்கள். அதற்கென்றே விற்கும் ஏர்ஃப்ளோ சென்சார் ஸ்ப்ரே மட்டும்தான். கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், காது குடையும் பஞ்சு, கம்ப்ரெஸர் காற்று எதுவும் கூடாது. முதல் ஒர்க்‌ஷாப்பில் "துடைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். துணியாலோ விரலாலோ தொட்டுத் துடைத்திருந்தால் படலம் அப்போதே கெட்டிருக்கவும் கூடும். இக்னிஷனை அணைத்து, சென்சாரைக் கழற்றி, கொஞ்ச தூரத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை பீய்ச்சி, அரை மணி நேரம் தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். அதில் அம்புக்குறி இருக்கும், அது டர்போவை நோக்கி இருக்க வேண்டும்.

மாட்டி ஓட்டியதும் காற்றின் அளவும் பிரஷரை வைத்துப் போட்ட கணக்கும் பத்து சதவீதத்துக்குள் நெருங்கிவிட்டால் வேலை முடிந்தது. நெருங்காவிட்டால் லீக் டெஸ்ட். சென்சாருக்கு அப்பால் உள்ள குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே ரெகுலேட்டர் வைத்து 0.3 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸைக் (என்ஜினின் அடிப்பகுதிக் காற்றை வெளியே விடும் குழாய்) கிள்ளி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று என்ஜினுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும். ஸ்மோக் மெஷின் இருக்கும் ஒர்க்‌ஷாப் என்றால் இன்னும் எளிது. பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடத்தையும், டர்போ வாயில் உள்ள கிளாம்பின் அடிப்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மேலிருந்து தெரியாது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: என்ஜின் ஓடும்போது லீக் தேட பிரேக் கிளீனரோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ அடிப்பது. டீசல் என்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும்.

மூன்றாவது இஜிஆர். ஐடிலில் (மிதி கொடுக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) 5.1 கிராம்தான் வருகிறது என்று பயந்திருக்கிறீர்கள். இஜிஆர் வேலை செய்யும்போது ஐடில் அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஈசியு தனக்கு வேண்டிய காற்று அளவு வரும்வரை இஜிஆரைத் திறந்தும் மூடியும் சரிசெய்துகொண்டே இருக்கும். கெட்ட சென்சார்கூட ஐடிலில் "சரியான" எண்ணைக் காட்டும். இஜிஆரை அடைத்தபின் அளந்தால்தான் பொருள் உண்டு. என்ஜின் ஆறியபின் இஜிஆர் கேஸ்கெட் வடிவில் வெட்டிய மெல்லிய ஸ்டீல் தகட்டை நடுவில் வைத்து, என்ஜினைச் சூடாக்கி, ஏசி அணைத்து, 800 ஆர்பிஎம்மில் பாருங்கள். கோவையின் உயரத்துக்கும் 35 டிகிரி காற்றுக்கும் உங்கள் என்ஜின் வினாடிக்கு 10 கிராம் அளவில் இழுக்க வேண்டும். 9.5 முதல் 10.5 வரை இருந்தால் மெதுவான காற்றோட்டத்திலாவது சென்சார் சரி. 8-க்குக் கீழே நின்றால் சென்சாரோ லீக்கோதான். தகட்டோடு முழு மிதியிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு கணக்குக்கும் இடையில் இருந்த இடைவெளி தகட்டால் மறைந்தால் குற்றவாளி இஜிஆர், கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் தகட்டை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் பி0401 (இஜிஆர் வழியே புகை போதவில்லை) வரும், புகைக் கட்டுப்பாட்டுக்கும் விரோதம்.

வயரிங்கைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கனெக்டரில் பேட்டரி அளவு வோல்டேஜ் வருகிறதா, என்ஜின் ஓடும்போது கிரவுண்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா, எலி கடித்திருக்கிறதா. சிக்னல் பின்னில் ஒரு வோல்ட் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய அனலாக் வகை பாஷ் சென்சாரில் என்ஜின் அணைந்து இக்னிஷன் மட்டும் இருக்கும்போது 1.0 வோல்ட் வரும். பின்னால் வந்தவற்றில் சிக்னல் ஃப்ரீக்வென்சியாகப் போகிறது, சாதாரண மல்டிமீட்டரில் அது அர்த்தமில்லாத ஓர் எண்ணைத்தான் காட்டும். உங்கள் வண்டியின் வயரிங் டயகிராமைப் பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி அப்படியே இருந்தால் அப்போது ஒரிஜினல் சென்சார் வாங்குங்கள். பில்லோடு, பழைய சென்சாரின் உடம்பில் உள்ள பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டியபின் ஸ்கேனரில் கோடை அழித்தால் மட்டும் போதாது. பழைய சென்சாருக்கென்று ஈசியு கற்றுவைத்திருக்கும் காற்றுத் திருத்தத்தையும் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, "புது சென்சாரும் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

டர்போவும் பி0299-உம்

ஷாஃப்ட் ஆடுகிறது என்று சொன்னவரிடம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கேளுங்கள். டர்போ ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவது. என்ஜின் அணைந்திருக்கும்போது பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலோ, சக்கரம் சுவரை உரசிய தடம் இருந்தாலோ, ஹோஸில் எண்ணெய் தேங்கி நின்றாலோதான் ரீபில்ட் பேச்சு. காற்று குறைவென்று நம்பி ஈசியு டீசலைக் குறைத்தால் எக்ஸாஸ்ட்டில் வேகம் குறையும், டர்போவும் மந்தமாகத்தான் சுற்றும். உங்கள் 168 கிலோபாஸ்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த ரக என்ஜின் அந்த ஆர்பிஎம்மில் 200-ஐத் தாண்ட வேண்டும். காற்றுக் கணக்கு சரியான பிறகும் பி0299 திரும்பினால் டர்போவுக்குள் எக்ஸாஸ்ட் காற்றைத் திருப்பும் இதழ்களை (வேன்) நகர்த்தும் ஆக்சுவேட்டர், அதன் வாக்குவம் ஹோஸ், சோலினாய்டு என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கு பற்றி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறான பழுதுபார்ப்பு சேவைக் குறைபாடாகக் கருதப்பட இடமுண்டு. மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் உங்கள் பில்லில் "கிளீனிங், ரீசெட்" என்றுதான் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்ததாக அவர்கள் வாதாடுவார்கள். அதற்கும் மேலாக, கோன் ஃபில்டர்தான் காரணம் என்று தெரியவந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். சோதனைகள் முடியட்டும். முடிவை எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இனி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். 2,200 ரூபாய் சென்சாருக்குத் திருப்பி அனுப்பும் காலக்கெடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, ஊட்டியில் அளவு இன்னும் குறைந்ததால் சென்சார் செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கோவையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டினாலும், எந்த நல்ல சென்சாரும் இஜிஆரை அடைத்த ஐடிலில் 15 சதவீதம் வரை குறைத்துத்தான் காட்டும். அதனால் ஒப்பிடும் ஓட்டங்கள் எல்லாவற்றையும் கோவையிலேயே, ஒரே நேரத்தில், எடுங்கள். லீக் டெஸ்ட் முடியும்வரை மலைக்கு வண்டியை எடுத்துப் போக வேண்டாம்.